நிறம் சொல்லும் சாட்சி
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



கடற்கரையே இல்லாத விருதுநகர் மாவட்டத்தில் கடற்பாசியைப் பற்றிப் பேச ஒருவர் வருகிறாரே என்று அழைப்பிதழைப் பார்த்துச் சிலர் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும். 1985 மார்ச் வரை இந்தச் சிவகாசிக்கும் பாம்பனுக்கும் மாவட்டம் ஒன்றுதான். 1910இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர். கிழக்குக் கோடியில் இராமேசுவரம். பிறகு வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்தார்கள். வைப்பாற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சாத்தூர் வழியாக வந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனாவைச் சேர்த்துக்கொண்டு அது இறங்குவது மன்னார் வளைகுடாவில்தான்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இது நிறத்தை விற்றுப் பிழைக்கும் ஊர். அச்சகத்தில் மையாகவும் பட்டாசில் உப்பாகவும் இங்கே நிறம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. பச்சை உப்பு என்றால் பேரியம் நைட்ரேட் என்று இந்த ஊரில் சிறுவருக்கும் தெரியும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்த பிறகும் பெயர் நாக்கை விட்டுப் போகவில்லை. வானத்தில் சிவப்பாக விரிந்தால் ஸ்ட்ரான்சியம், மஞ்சள் என்றால் சோடியம், நீலம் என்றால் செம்பு. மருந்து கலக்கத் தெரிந்தவர் ஒரு மைலுக்கு அப்பால் நின்றுகொண்டே உள்ளே என்ன இருந்தது என்று சொல்லிவிடுவார். இங்கே நிறம் பிறழாத சாட்சி.

கடலில் அதே நிறம் பொய்ச்சாட்சி. நீரின் நிறத்தைப் பார்த்து நஞ்சை அளக்க முடியாது என்பதுதான் இந்தப் பேச்சின் வாதம். அதற்கு மூன்று வழக்குகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. பெயரில் தொடங்கும் குழப்பம்

ஆங்கிலத்தில் ரெட் டைட் என்கிறார்கள். நம் செய்தித்தாள்கள் சிவப்பு அலை என்று எழுதுகின்றன. அலைக்கும் ஓதத்துக்கும் இதில் வேலையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருசெல் உயிர்கள் சில நாட்களில் பெருகி நீரை நிறம் மாற்றுகின்றன, அவ்வளவுதான். அந்த நிறம் சிவப்பாக இருக்கலாம், பழுப்பாக, பச்சையாக, பால் வெள்ளையாகக்கூட இருக்கலாம். மன்னார் வளைகுடா மீனவர்களின் சொல் இதைவிட நேர்மையானது: பூங்கோரை. அதில் நிறமும் இல்லை, அலையும் இல்லை.

கடலில் மிதக்கும் நுண்பாசி இனங்கள் ஏறத்தாழ 5,000. அவற்றுள் நீரை நிறம் மாற்றும் அளவுக்குப் பெருகக்கூடியவை சுமார் 300 என்றும், நஞ்சு உண்டாக்குபவை 100க்கும் குறைவு என்றும் 1990களில் கணக்கிட்டார்கள். நஞ்சுப் பட்டியல் அதன் பிறகு வளர்ந்திருக்கிறது. ஆனால் நிறம் மாற்றுவோர் பட்டியலும் நஞ்சு வைப்போர் பட்டியலும் ஒன்றல்ல என்ற செய்தி மாறவில்லை. இரண்டிலும் பெயர் உள்ளவை உண்டு. ஒன்றில் மட்டும் உள்ளவை நிறைய.

2. பச்சையின் வழக்கு: பாம்பன், 2019

2019 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு இரவு சென்னைத் திருவான்மியூர்க் கரையில் கூட்டம் திரண்டது. அலை உடைந்த இடமெல்லாம் நீல ஒளி. கைப்பேசியில் படமெடுத்துத் தள்ளினார்கள். அடுத்த மாதம் பாம்பன், மண்டபம் கரையோரம் கடல் குழைத்த பச்சைச் சாயம்போல் ஆனது. செத்த மீன்கள் குவியல் குவியலாக ஒதுங்கின. சென்னையில் வேடிக்கை, பாம்பனில் சாவு. இரண்டு இடத்திலும் உயிர் ஒன்றுதான்: நாக்டிலூகா சிண்டிலன்ஸ். லத்தீனில் முதற்பாதி இரவு விளக்கு என்று பொருள்படும்.

நாக்டிலூகாவைப் பார்க்க நுண்ணோக்கிகூடத் தேவையில்லை. ஒரு செல்லே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வரை வளரும். கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் வெந்த ஜவ்வரிசியை ஊசிமுனை அளவுக்குச் சிறுக்கியதுபோல் உருண்டைகள் மிதக்கும். அலை தட்டினால் அதற்குள் லூசிஃபெரின் என்ற பொருள் ஒளிரும். கந்தகமும் அலுமினியமும் எரிந்து வெளிச்சம் தரும் ஊருக்கு இது வியப்பாக இருக்கும்: நாக்டிலூகாவின் வெளிச்சத்தில் சூடு கிடையாது.

பச்சை எங்கிருந்து வந்தது? நாக்டிலூகாவுக்குச் சொந்தமாகப் பச்சையம் இல்லை. அது வேட்டையாடித் தின்னும் செல். குளிர்ந்த கடல்களில் இளஞ்சிவப்பாகத் தெரியும். நம் வெப்பக் கடல்களில் மட்டும் அதன் வயிற்றுக்குள் ஆயிரக்கணக்கில் பச்சைப் பாசிச் செல்கள் வாடகைக்குக் குடியிருக்கின்றன. அவை வெயிலில் உணவு சமைத்து வீட்டுக்காரருக்குப் பங்கு தருகின்றன. ஆக, பாம்பன் கடலின் பச்சை குடியிருப்பவர்களின் நிறம். வழக்கில் முதல் சாட்சியே வேறொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்.

அந்த மீன்களைக் கொன்றது எது? மனிதரைக் கொல்லும் நஞ்சு எதையும் நாக்டிலூகா சுரப்பதாகத் தெரியவில்லை. மிதப்பதற்காக அது தன் உடலுக்குள் அம்மோனியத்தைச் சேர்த்து வைக்கிறது. கூட்டம் கூட்டமாகச் சாகும்போது அது நீரில் கலந்து மீனின் செவுளை எரிக்கும். அதைவிடப் பெரிய அடி ஆக்சிஜன் பஞ்சம். கோடிக்கணக்கான செல்கள் அழுகும்போது பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகின்றன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்த செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவின் சிங்கிள் தீவைச் சுற்றி மூழ்கிப் பார்த்தபோது கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. மீன் நீந்தி ஓடப் பார்க்கலாம். பவளத்துக்குக் கால் இல்லை. கிளை விரித்து வேகமாக வளரும் அக்ரோபோரா, மாண்டிபோரா, போசிலோபோரா வகைப் பவளங்கள் நின்ற இடத்திலேயே மூச்சுமுட்டிச் செத்தன.

இது புதிதாக வந்த சாபம் என்று நினைக்க வேண்டாம். 2008 அக்டோபரிலும் இதே வளைகுடாவில் இதே நாக்டிலூகா பெருகியது. 1935 ஜூனில் சென்னைக் கரையில் மீன்கள் செத்து ஒதுங்கியதை ஆர். கோபால ஐயர் அடுத்த ஆண்டே கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருந்த காலத்தில், 1953இல், பிரசாத் என்ற ஆய்வாளர் பாக் விரிகுடாவில் நாக்டிலூகா திரள்வதற்கும் சூடை மீன்பாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பில் சூடை என்ற நம் சொல்லை அப்படியே வைத்தார். நம்மூர்க் கருவாட்டுக் கடையில் கூடையில் கிடக்கும் அதே சூடைதான்.

பழையது என்பதால் மாற்றமே இல்லை என்றும் ஆகிவிடாது. அரபிக்கடலில் குளிர்கால மாதங்களில் டயட்டம் என்ற சிலிக்கா ஓட்டுப் பாசிகள் ஆண்டுவந்த இடத்தை 2000க்குப் பின் பச்சை நாக்டிலூகா பிடித்துக்கொண்டதை ஜோக்கிம் கோயஸ், ஹெல்கா கோமஸ் குழுவினர் 2014இல் விரிவாக எழுதினார்கள். ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே வருவதை அவர்கள் காரணமாகக் காட்டினார்கள். மன்னார் வளைகுடாவுக்கு அதே காரணத்தை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. இங்கே கடல் ஆழம் குறைவு, காற்றும் நீரோட்டமும் வேறு.

3. சிவப்பின் வழக்கு

இது சிறிய வழக்கு, சீக்கிரம் முடித்துவிடலாம். டிரைக்கோடெஸ்மியம் எரித்ரேயம் என்பது இழை இழையாக மிதக்கும் நீலப்பச்சைப் பாக்டீரியா. காற்றில்லாத வெயில் நாட்களில் மேற்பரப்பில் மரத்தூள் கொட்டியதுபோல் பரவும். 1770இல் கேப்டன் குக்கின் மாலுமிகள் அதைக் கடல் மரத்தூள் என்றே அழைத்தார்கள். அழுகத் தொடங்கினால் உள்ளிருக்கும் சிவப்பு நிறமி கசிந்து நீர் செம்பழுப்பாகும். 1823இல் ஜெர்மன் அறிஞர் எரன்பெர்க் செங்கடல் கரையில் இதைப் பார்த்தார். செங்கடலுக்குப் பெயர் வந்ததே இதனால்தான் என்று கருதுவோர் உண்டு.

பார்வைக்கு இரத்தம். பெரும்பாலான நேரங்களில் செய்வதோ உபகாரம்: காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கி, ஏழைக் கடலுக்கு ஊட்டம் தருகிறது. நம் வயலில் உளுந்தின் வேர் செய்யும் வேலையைக் கடலில் இது செய்கிறது. அளவு மீறித் திரண்டு அழுகினால் இதுவும் மீனைக் கொல்லும். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பக்கம் நடந்த அப்படியொரு சாவை 1942இல் சாக்கோ பதிவு செய்தார். ஆனால் செந்நீரைப் பார்த்தவுடன் நஞ்சு என்று அலறத் தேவையில்லை.

4. நிறமே இல்லாத வழக்கு: வாயலூர், 1981

கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் சேரும் இடத்தருகே வாயலூர். 1981இல் அங்கே கழிமுகத்து மட்டியை அள்ளிச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் 85 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 3 பேர் இறந்தார்கள். இந்தியாவில் பதிவான மட்டி நஞ்சு நிகழ்வுகளில் இது ஆரம்ப காலத்தது. 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் பாறையில் ஒட்டி வளரும் சிப்பியைத் தின்றவர்களில் 7 பேர் இறந்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றார்கள்.

இத்தகைய சாவுகளுக்குப் பின்னால் நிற்பவை அலெக்சாண்டிரியம், ஜிம்னோடினியம், பைரோடினியம் முதலிய சாட்டையுயிரிகள் என்ற ஒருசெல் நுண்பாசிகள். மட்டி ஒரு வடிகட்டி. ஒரே ஒரு மட்டி மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை உறிஞ்சி, மிதக்கும் செல்களைத் தின்றுவிட்டு மிச்சத்தை வெளியே விடும். ஒரு லிட்டர் நீரில் சில நூறு, சில ஆயிரம் அலெக்சாண்டிரியம் செல்கள் இருந்தாலே போதும், நாளடைவில் மட்டியின் சதையில் நஞ்சு ஏறிவிடும். கண்ணுக்கு நிறம் தெரிய வேண்டுமானால் லிட்டருக்குப் பத்து லட்சம் கணக்கில் செல்கள் வேண்டும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் ஆள் சாகிறார். நீர் தெளிவாக இருக்கும், மட்டிக்கு ஒன்றும் ஆகாது, நாற்றம் இருக்காது, ருசி மாறாது.

நஞ்சின் பெயர் சாக்சிடாக்சின். நரம்புச் செல்லின் சுவரில் சோடியம் நுழைவதற்கென்று வாசல்கள் இருக்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்தால்தான் நரம்பில் செய்தி ஓடும். மத்தாப்புக்கு மஞ்சள் தரும் அதே சோடியம். சாக்சிடாக்சின் மூலக்கூறு அந்த வாசலில் தக்கைபோல் போய் அடைத்துக்கொள்கிறது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு மரத்துப்போகும். பிறகு நாக்கு, விரல் நுனி. உடம்பு மிதப்பதுபோல் இருக்கும் என்பார்கள். கடைசியில் மூச்சுத் தசை நின்றுபோகும். மனம் அதுவரை தெளிவாகவே இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்து ஒரு நாளைத் தாண்டவைத்தால் நஞ்சு சிறுநீரில் வெளியேறி ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையின் முதல் அட்டவணையில் பெயர் எழுதப்பட்ட பொருள் இது. அந்த வரிசையில் நரம்பு வாயுக்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

நம் சமையலறைக்கு ஒரு செய்தி. நன்றாகக் கொதிக்கவைத்தால் எந்த நஞ்சும் போய்விடும் என்ற நம்பிக்கை இங்கே எடுபடாது. கொதிநிலையிலும் இது அழியாது. அதிலும் புளிப்பு நீரில் இன்னும் உறுதியாக நிற்கும் குணம் இதற்கு உண்டு. புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பது இந்த நஞ்சுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதுபோலத்தான்.

விருதுநகர் மீன் சந்தைக்கு ஐஸ் பெட்டியில் வரும் மீனைப் பற்றி யாரும் பயந்துவிட வேண்டாம். இந்த நஞ்சு முதன்மையாகத் தேங்குவது மட்டி, சிப்பி, ஆளி போன்ற வடிகட்டித் தின்னும் உயிர்களில். மீனின் சதையில் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. பாசி பெருகிய நாட்களில் கரையில் செத்து ஒதுங்கிய மீனை மட்டும் இலவசம் என்று பொறுக்கக் கூடாது.

5. வைப்பாறு குற்றவாளியா?

சிவகாசிக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். வயலில் போட்டால் உரம், திரியில் வைத்தால் மருந்து. நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆற்றோடு கடலுக்குப் போனால் பாசி கொழுக்கும் என்பது பாடப்புத்தகச் செய்தி. எனவே, சிவகாசிப் பட்டாசுதான் பாம்பன் கடலைப் பச்சையாக்கியது என்று நாளைக் காலை யாரேனும் தலைப்புப் போட்டுவிடலாம். தயவுசெய்து வேண்டாம்.

காலண்டரை எடுத்துப் பார்த்தாலே வழக்கு தள்ளுபடியாகிவிடும் (காலண்டரையும் இந்த ஊர்தான் அச்சடிக்கிறது). வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. வெள்ளம் வந்தால் வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி, கார்த்திகையில் வரும். 2019இன் பச்சைப் பெருக்கு செப்டம்பரில், தென்மேற்குக் காற்று தணியும் வேளையில் வந்துவிட்டது. பாம்பன் பக்கத்துக் காரணங்களைக் காற்றிலும் நீரோட்டத்திலும் கரையோர ஊர்களின் கழிவிலும் தேட வேண்டும். ஆற்றில் மருந்துக் கழிவு கலக்கிறதா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் கௌசிகா நதி விருதுநகரின் சாக்கடையைச் சுமந்துகொண்டு போவது எல்லோரும் அறிந்தது. அதுவும் கடைசியில் அதே வடிநிலத்துக்குள்தான். வைப்பாற்றின் கழிமுகத்தில் அதனால் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் விடுதலைத் தீர்ப்பும் எழுத முடியாது.

ஊட்டத்தைக் குறைத்தால் பலன் உண்டா என்றால், ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடலைப் பார்க்கலாம். 1972இல் அங்கே சாட்டோனெல்லா என்ற பாசி வளர்ப்புக் கூண்டுகளில் இருந்த 1 கோடியே 40 லட்சம் மீன்களைக் கொன்றது. மறு ஆண்டே சட்டம் கொண்டுவந்து ஆலைக் கழிவை வெட்டினார்கள். 1976இல் ஆண்டுக்கு 299 என்றிருந்த பெருக்குகள் பிறகு 100 அளவுக்கு இறங்கின. கதை அங்கே சுபமாக முடியவில்லை. நீர் மிகத் தெளிந்துபோய், சோற்றைச் சுற்றித் தின்னும் நோரிப் பாசி ஊட்டமில்லாமல் வெளிறத் தொடங்கியது. இப்போது சில இடங்களில் ஊட்டத்தைக் கணக்குப் பார்த்துத் திரும்பவிட வழிசெய்து சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். அங்கேயும் தெளிந்த நீரின் நிறத்தை நல்ல சாட்சியாக நம்பி ஏமாந்தார்கள்.

6. யார் பார்ப்பது?

ஐதராபாதில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், பாசிப் பெருக்கம் குறித்த தகவல் சேவை ஒன்றை நடத்துகிறது. கோவா, கொச்சி, கோபால்பூர்க் கடல்களோடு மன்னார் வளைகுடாவும் அதன் கண்காணிப்பு இடங்களில் ஒன்று. நல்ல சேவை, மீனவர்க்கும் ஆய்வாளர்க்கும் முன்கூட்டியே துப்புக் கொடுக்கும். ஆனால் செயற்கைக்கோள் அளப்பது என்ன? கடலின் மேற்பரப்பிலிருந்து திரும்பிவரும் ஒளியை. அதாவது நிறத்தை. 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தாலும் சாட்சி அதே சாட்சிதான். பாம்பனின் பச்சையை அது கண்டுபிடிக்கும். வாயலூர் போன்ற ஒன்றை, லிட்டருக்குச் சில நூறு செல்களை, அது காணாது.

அதைக் காண ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வலை இழுக்க வேண்டும். 20 மைக்ரான் கண்ணுள்ள வலை, ஒரு புட்டி, சில துளி அயோடின் கரைசல், ஒரு சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கி. மட்டியின் சதையைச் சோதிக்க மட்டும் பெரிய ஆய்வகம் வேண்டும். கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் சாக்சிடாக்சினைத் தாண்டினால் விற்பனையை நிறுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஏற்றுமதியாகும் சரக்குக்குச் சோதனை நடக்கிறது. கழிமுகத்தில் ஒரு பெண் கையால் துழாவி அள்ளி, தன் வீட்டு அடுப்பில் ஏற்றும் மட்டிக்கு அந்தச் சோதனைச் சாவடி கிடையாது. வாயலூரில் செத்தவர்கள் அந்த வகையினர்தான்.

இந்தக் கல்லூரியிலிருந்து காலையில் கிளம்பினால் வைப்பாறு கடலில் விழும் இடத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வலையால் ஐந்து ஆண்டுகள் எடுத்தால் அந்தக் கழிமுகத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பெயர்ப்பட்டியல் கையில் இருக்கும். தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் இதற்குத் தனி நிதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பேச வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. பின்வரிசை மேசையில் இரண்டு நுண்ணோக்கிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. இடப்பக்கம் உள்ளது நாக்டிலூகா, பதப்படுத்தியது. பச்சை வெளுத்துவிட்டதால் உருண்டையும் அதன் ஒற்றை வாலும் மட்டுமே தெரியும். வலப்பக்கம் ஒரு சின்னச் செல், இரண்டு கவசப் பாதிகளைச் சேர்த்து மூடிய மரச்செப்புபோல் இருக்கும்; அது அலெக்சாண்டிரியம். தேநீர் வருவதற்குள் பத்துப் பத்துப் பேராகப் போய்ப் பார்த்துவிடுங்கள். குவியத்தை மட்டும் யாரும் திருப்பிவிட வேண்டாம்.